டர்னர் சிண்ட்ரோம்: உயரத்துக்கும் பருவத்துக்கும் நடுவே எந்த வழி?

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் உண்டு. பிறந்தநாளுக்கு ஒரு கோடு, இரண்டு பிள்ளைகளுக்கும். மூத்தவனின் கோடுகள் நல்ல இடைவெளி விட்டு ஏறிப்போகும். இளையவளின் கோடுகள் ஐந்தாறு வயதுக்கு மேல் நெருங்கிக்கொண்டே வரும். ஏழு வயதுக் கோட்டுக்கும் எட்டு வயதுக் கோட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரலை மூன்று முறை வைத்தால் இடம் முடிந்துவிடும். நாலு சென்டிமீட்டர்.

தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போய்வந்தேன். கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. "எங்க அம்மா வாகு, குட்டையாத்தான் இருப்பா" என்று மாமியார் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். சத்துமாவுக் கஞ்சி, முட்டை, ஸ்கிப்பிங் கயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவளுக்கு ஒன்பதரை வயது நடக்கும்போது, காதில் சீழ் வந்து காட்டப்போன இடத்தில் ஒரு டாக்டர் அவள் கழுத்தையும் முழங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கேரியோடைப் எடுத்துடலாம்மா" என்றார். குரோமோசோம்களைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. மூன்று வாரம் கழித்து வந்த தாளில் 45,எக்ஸ் என்று இருந்தது, அதாவது டர்னர் சிண்ட்ரோம்.

அதற்கப்புறம் ஆறரை வருடம் போய்விட்டது. இந்த ஆறரை வருடத்தில் எங்கள் முன்னால் வந்ததெல்லாம் "இதுவா, அதுவா" என்ற கேள்விகள்தான். உயரத்தை எந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது? வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா, வேண்டாமா? கூட ஒரு மாத்திரை சேர்க்கலாமா? பருவத்தை எப்போது தொடங்கிவைப்பது? ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவை உங்கள் எண்டோகிரினாலஜிஸ்டோடு, அதாவது ஹார்மோன் டாக்டரோடு, உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அங்கே போய் உட்காரும் முன், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்திருந்தால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். எனக்கு அன்றைக்கு அது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டும். டர்னரில் அதில் ஒன்று முழுதாகவே இருக்காது, அல்லது அதன் ஒரு பகுதி இருக்காது. சிலருக்கு எல்லா செல்லிலும் அப்படி; சிலருக்குச் சில செல்களில் மட்டும், அதை மொசைக் என்பார்கள். உயிரோடு பிறக்கும் பெண் குழந்தைகளில் 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஹென்றி டர்னர் 1938-இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் ஓட்டோ உல்ரிச் 1930-லேயே இதை விவரித்திருந்தார். காரணம் குரோமோசோம்தான் என்பது 1959-இல்தான் தெரிந்தது. அப்பா அம்மா செய்த எதனாலும் வருவதில்லை. இதை என் மாமியாருக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன்.

உயரம் குறைவதற்கு முக்கியக் காரணம் ஷாக்ஸ் என்ற மரபணு. எக்ஸ் குரோமோசோமின் நுனியில் இருக்கிறது, 1997-இல் கண்டுபிடித்தார்கள். கை கால் எலும்புகள் நீள்வதில் இதற்குப் பங்கு உண்டு. இது இரண்டு பிரதி வேண்டிய மரபணு, இவர்களுக்கு ஒன்றுதான். வளர்ச்சி ஹார்மோன் இவர்கள் உடலில் சரியாகவே சுரக்கிறது. எலும்பு அந்தச் செய்திக்குப் போதுமான அளவு பதில் சொல்வதில்லை.

ஆகவே வளர்ச்சி ஒரு குறிப்பிட்ட தினுசில் போகும். பிறக்கும்போதே கொஞ்சம் சிறிதாக இருப்பார்கள். சிலருக்குப் பிறந்தவுடன் புறங்கையும் பாதமும் வீங்கியிருக்கும். முதல் மூன்று நாலு வருடத்திலேயே மெல்லப் பின்தங்க ஆரம்பிக்கும். பள்ளி வயதில் இடைவெளி அகலும். மற்றப் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும்போது இவர்கள் நாலில் நிற்பார்கள். பிறகு 11, 12 வயதில் மற்றப் பெண்கள் திடுதிப்பென்று உயர்வார்களே, அது இவர்களில் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. சினைப்பை வேலை செய்யாததால் ஈஸ்ட்ரோஜன் சுரக்காது, அந்தத் தாவலும் கிடையாது. சிகிச்சை இல்லாவிட்டால் கடைசியில் அந்த ஊர்ப் பெண்களின் சராசரியைவிடச் சுமார் 20 செ.மீ. குறைவாக நிற்பார்கள்.

பொது வரைபடமா, டர்னர் வரைபடமா?

இந்தியாவில் ஐந்து வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடம், அதற்குமேல் 18 வரை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐ.ஏ.பி. 2015-இல் வெளியிட்ட வரைபடம். டர்னர் பெண்களுக்கென்று தனி வரைபடமும் உண்டு. பிரிட்டனில் 1985-இல் வந்தது பரவலாகப் புழங்குகிறது. ஐரோப்பியப் பெண்களின் அளவுகளை வைத்துப் போட்டது.

டர்னர் வரைபடத்தில் என் மகளின் புள்ளிகளை முதன்முதலில் வைத்துக் காட்டியபோது எனக்கு மூச்சு வந்தது. அதுவரை அவள் எல்லாக் கோட்டுக்கும் கீழே, வெள்ளைத்தாளில் தனியாக நின்றாள். இதில் கோடுகளுக்கு நடுவே இருந்தாள். அந்த ஆறுதல் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "டர்னர் பிள்ளைக்கு இது சரியான உயரம்தான்" என்று அதோடு நிறுத்திவிடத் தோன்றும்.

என் தீர்ப்பு இதுதான். பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பொது வரைபடம். கண்டுபிடித்த பிறகு கண்காணிக்க டர்னர் வரைபடம். டர்னர் வரைபடத்திலேயே ஒரு பெண் தன் கோட்டைவிட்டுக் கீழே இறங்கினால் வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். தைராய்டு குறைந்திருக்கலாம், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருக்கலாம். இரண்டும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும்.

இரண்டு வரைபடத்திலும் எழுதியிராத ஒரு கணக்கு இருக்கிறது, அது பெற்றோர் உயரம். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, 13-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் பெண் குழந்தைக்கு எதிர்பார்க்கக்கூடிய உயரம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அவர் 168, நான் 155. கூட்டினால் 323, பதிமூன்று போனால் 310, பாதி 155. டர்னர் என்றால் அதில் இருபது போய் 135. உயரமான பெற்றோருக்குப் பிறந்த டர்னர் பெண் பொது வரைபடத்தின் கீழ்க்கோட்டுக்கு மேலேயே இருந்துவிடக்கூடும். யாருக்கும் சந்தேகம் வராது. "வரைபடத்துக்குள்ளதானே இருக்கா" என்பார்கள். அப்பா ஆறடி, அம்மா ஐந்தே முக்கால் அடி, மகள் மட்டும் வகுப்பில் முதல் பெஞ்ச் என்றால் கேள்வி கேட்க வேண்டும். காரணம் தெரியாமல் உயரம் குறைந்த எந்தப் பெண் குழந்தைக்கும் கேரியோடைப் எடுத்துப் பார்ப்பது தப்பில்லை. அதுதான் நல்ல வழக்கம்.

ஊசி போடுவதா, விட்டுவிடுவதா?

ஹார்மோன் குறைவு இல்லாத பிள்ளைக்கு எதற்கு ஹார்மோன் ஊசி? நியாயமான கேள்வி, நானும் கேட்டேன். இயல்பான அளவுக்கு மேல் கொடுத்தால், மந்தமாகப் பதில் சொல்லும் எலும்பும் கொஞ்சம் அசையும் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் டர்னருக்கு இந்த ஊசியை அனுமதித்தது 1996 கடைசியில்.

எவ்வளவு அசையும்? இங்கேதான் ஒப்பீடு குழப்பும். மூன்று நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

கனடாவில் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஊசி, இன்னொரு பிரிவுக்கு ஊசி இல்லை என்று வளர்ந்து முடியும்வரை பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. ஊசி போடாதவர்கள் சராசரி 141 செ.மீ., போட்டவர்கள் 147.5. மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிப் பார்த்தால் லாபம் சுமார் 7 செ.மீ. அமெரிக்காவில் 149 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வந்தது. அதில் ஒரு பிரிவுக்குப் போட்டது வெறும் மருந்தில்லா ஊசி, அதுவும் பல வருடம். ஆகவே அந்த முடிவை நம்பலாம். லாபம் 5 செ.மீ. அங்கே வாரம் மூன்று ஊசிதான்.

அப்புறம் நெதர்லாந்து. 2003-இல் வந்த அந்த ஆய்வில் மூன்று அளவு மருந்து கொடுத்தார்கள். குறைந்த அளவு வாங்கியவர்கள் 157.6 செ.மீ., நடு அளவு 162.9, அதிக அளவு 163.6. படித்தவுடன் யாருக்கும் கண் விரியும். எனக்கும் விரிந்தது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். நெதர்லாந்துக்காரர்கள் உலகத்திலேயே உயரமானவர்கள்; இருபது கழித்தாலும் அவர்களின் தொடக்கமே மேலே. அந்தப் பெண்களில் பலர் சின்ன வயதிலேயே ஊசியைத் தொடங்கியவர்கள். ஊசி போடாத பிரிவு ஒன்று வைக்கவில்லை, ஆகவே லாபம் கணித்துச் சொன்னதுதான், நேராக அளந்ததில்லை. இன்னும் ஒன்று கவனியுங்கள். நடு அளவிலிருந்து அதிக அளவுக்குப் போனதில் கிடைத்தது 0.7 செ.மீ. மட்டும். மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் உயரம் கூடிக்கொண்டே போகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் தூண்டுவதால் உடலில் உண்டாகும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருளின் அளவுதான் இரத்தத்தில் எகிறும்.

இப்போது பரவலாகப் பின்பற்றும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 45 முதல் 50 மைக்ரோகிராம். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு மில்லிகிராம், மாதத்துக்கு 30. அதே பிள்ளை 40 கிலோ ஆகும்போது மாதத்துக்கு 60. பிள்ளை வளர வளர மருந்துச் செலவும் வளரும். முதல் மாத பில்லைப் பார்த்துக் கடன் கணக்குப் போடாதீர்கள். ஐந்தாம் வருட எடையை வைத்துப் போடுங்கள். நடுவில் பணம் இல்லாமல் நிறுத்துவதுதான் இருப்பதிலேயே வேதனையான முடிவு, அப்படி நிறுத்தியவர்களை வெயிட்டிங் ஹாலில் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் டர்னருக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையும் பட்டியலில் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் அதைக் கேட்டு வையுங்கள்.

தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்? ராத்திரி எட்டரைக்கு ஃபிரிட்ஜிலிருந்து பேனா வடிவ ஊசியை, பென் என்பார்கள், எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் உருட்டாமல் வைத்திருப்பேன், சில்லென்று குத்தினால் எரியும். நேற்று வலது தொடை என்றால் இன்று இடது. ஊசி மயிரிழை மாதிரி இருக்கும். பட்டனை அழுத்திப் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்தையும் அவள்தான் எண்ணுவாள், வேகமாக எண்ணினால் மறுபடி எண்ணச் சொல்வேன். கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃபிரீசரில் உறைந்துவிடவும் கூடாது. ஊருக்குப் போனால் ஐஸ் பெட்டியோடுதான். இப்படி இரண்டாயிரம் ராத்திரி.

இடுப்பு மூட்டு நழுவுதல், முதுகெலும்பு வளைதல், தலைக்குள் அழுத்தம் கூடுதல் ஆகியவை அபூர்வமாக வரலாம். தொடர்ந்து தலைவலி, நொண்டி நடப்பது இரண்டையும் அலட்சியப்படுத்தக் கூடாது. சர்க்கரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போடாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வராது. பிரான்சில் ஊசி போட்டு வளர்ந்த 568 இளம்பெண்களிடம் அவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டு 2005-இல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களின் வாழ்க்கைத்தரம் மற்றப் பெண்களைப் போலத்தான் இருந்தது, எத்தனை செ.மீ. உயரம் என்பதோடு அது சேர்ந்து போகவில்லை. இதயக் கோளாறும் காது கேளாமையும்தான் அதை இறக்கின. இந்த ஒரு முடிவு என் மனதை மாற்றியது. ஊசியை நான் நிறுத்தவில்லை. 135-க்கும், ஏழு கூடினால் வரும் 142-க்கும் நடுவே ஸ்கூட்டியில் கால் ஊன்றுவதும், பஸ்ஸில் கம்பி எட்டுவதும், பேங்க் கவுண்டரில் முகம் தெரிவதும் இருக்கின்றன. அதற்காகப் போட்டோம். சந்தோஷத்துக்கு வேறு மருந்து வேண்டும் என்று தெரிந்துகொண்டு போட்டோம்.

சீக்கிரம் தொடங்குவதா, பொறுத்துத் தொடங்குவதா?

இதில் ஒப்பீடே வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையான 88 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2007-இல் வந்தது. இரண்டு வருடம் ஊசி போட்ட குழந்தைகள் ஏறக்குறைய மற்றக் குழந்தைகளின் உயரத்தை எட்டிப்பிடித்தார்கள். போடாதவர்கள் இன்னும் பின்தங்கினார்கள். விழுந்த பின் தூக்குவதைவிட விழாமல் பிடிப்பது சுலபம். 2016-இல் சின்சினாட்டியில் கூடிய நிபுணர்கள் நாலு முதல் ஆறு வயதுக்குள் தொடங்கலாம் என்று வழிகாட்டினார்கள்.

பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு இருக்கும் ஒரே நல்ல வாதம், ஊசி வருடங்கள் கூடும், செலவும் பயமும் கூடும் என்பது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு எடை குறைவு, மருந்தும் குறைவு. நாலு வயதில் ஒரு சென்டிமீட்டர் வாங்கும் விலை பன்னிரண்டு வயதில் வாங்குவதைவிட மலிவு. என் மகளுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து ஊசி தொடங்கும்போது பத்து வயது, 115 செ.மீ. முதல் வருடம் ஏழரை வளர்ந்தாள். அடுத்த வருடம் ஆறு. அப்புறம் ஐந்து சொச்சம். எல்லாருக்கும் முதல் வருடத் தாவல் பெரிதாக இருக்கும், பிறகு குறையும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம்.

கூட ஆக்ஸாண்ட்ரோலோன் சேர்க்கலாமா?

தாமதமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த மாத்திரை இது, மிகச் சிறிய அளவில் கொடுப்பார்கள். பிரிட்டனில் 2011-இல் வந்த ஆய்வில் ஊசியோடு இதைச் சேர்த்தவர்களுக்குக் கூடுதலாக 4.6 செ.மீ. கிடைத்தது. நல்ல எண்தான். விலையும் உண்டு: குரல் கொஞ்சம் கனக்கலாம், ரோமம் கூடலாம், மார்பு வளர்ச்சி பின்தள்ளிப் போகலாம். அளவைக் கூட்டினால் லாபம் கூடாது, பக்கவிளைவுதான் கூடும் என்று நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மாத்திரைக்கான அனுமதியையே விலக்கிக்கொண்டது. நாங்கள் சேர்க்கவில்லை. பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை. குரலோடு பந்தயம் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இதே கேள்வியை வேறு அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வரலாம், அதுவும் சரியாக இருக்கலாம்.

ஈஸ்ட்ரோஜன் பன்னிரண்டிலா, பதினாலிலா?

என்னை அதிகம் தூங்கவிடாத கேள்வி இது.

ஈஸ்ட்ரோஜன் இரண்டு பக்கமும் கூரான கத்தி. அதுதான் மார்பை வளர்க்கும், கர்ப்பப்பையை வளர்க்கும், எலும்பை உறுதியாக்கும். எலும்பின் வளரும் நுனியை மூடுவதும் அதுதான். நுனி மூடினால் உயரம் முடிந்தது. ஆகவே முன்காலத்தில் டாக்டர்கள், "முதலில் உயரம், பருவம் பிறகு பார்க்கலாம்" என்று 15 வயது வரை தள்ளிப்போடுவார்கள். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்விலேயே இதையும் அளந்தார்கள். 12 வயதுக்குப் பதிலாக 14 வயதில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் 3.8 செ.மீ. கூடுதல். ஆனால் ஆக்ஸாண்ட்ரோலோனும் தாமதமும் சேர்ந்தால் இரண்டு லாபமும் கூட்டாகக் கிடைக்கவில்லை. ஒன்று எடுத்தால் இன்னொன்றால் பெரிய பயனில்லை.

3.8 செ.மீ. கதவு நிலையில் மூன்று சுண்டுவிரல். அதற்கு விலை இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் என்ன நடக்கும்? ஏழாம் வகுப்பில் தோழிகள் ஒவ்வொருத்தியாகப் பெரியவளாவார்கள். பச்சை ஓலை கட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் வரும். இவள் பட்டுப்பாவாடையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். சொந்தக்காரப் பெண்கள் என் காதில், "இவ இன்னும் ஆகலையா?" என்பார்கள். அவள் காதிலும் விழும். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல், "அம்மா, என் கிளாஸ்ல நான் மட்டும்தான் சிம்மீஸ் போடறேன்" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரான்சிலும் பருவம் தாமதமான டர்னர் பெண்களிடம் தன்னம்பிக்கை குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஊர் எதுவானாலும் பன்னிரண்டு வயது பன்னிரண்டு வயதுதான்.

இப்போதைய வழிகாட்டுதல் 11 முதல் 12 வயதுக்குள் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல ஏற்றுவது. குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உயரத்தைப் பெரிதாக வெட்டிவிடாது என்பது தெரிந்த பிறகு, 15 வரை காத்திருப்பதற்கு நியாயம் போய்விட்டது. சொல்லப்போனால், அந்த 149 பேர் அமெரிக்க ஆய்வில் சின்ன வயதிலிருந்தே துளியளவு ஈஸ்ட்ரோஜனை ஊசியோடு சேர்த்துக் கொடுத்தபோது 2 செ.மீ. கூடவே கிடைத்தது. வழக்கமான சிகிச்சையாக அது ஏற்கப்படவில்லை, சரி. ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்றாலே உயரத்துக்கு எதிரி என்ற பயத்துக்கு அது பதில்.

எதைத் தொடங்குவது என்பதில் மாத்திரையா, தோலில் ஒட்டும் பேட்ச்சா என்று இன்னொரு கிளைக்கேள்வி. மாத்திரை வயிற்றிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும்; அங்கே ஐ.ஜி.எஃப்.-1 உற்பத்தியைக் குறைத்துவிடும். நீங்கள் ஊசியால் ஏற்றுவதை மாத்திரை இறக்கும். பேட்ச் தோல்வழி நேராக ரத்தத்தில் கலப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. கிடைக்குமானால் பேட்ச்தான் மேல். எங்களுக்கு அது எல்லா மாதமும் கிடைக்கவில்லை. கிடைத்தபோது கத்தரிக்கோலால் கால் பங்காக வெட்டி இடுப்புக்குக் கீழே ஒட்டுவோம். எல்லா வகைப் பேட்ச்சையும் வெட்டக் கூடாது, டாக்டரிடம் கேட்டுத்தான் வெட்டினேன். சித்திரை வெயிலில் வேர்வையில் உரிந்து சீருடையில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஜெல்லுக்கு மாறினோம்.

அவளுக்குப் பன்னிரண்டரையில் தொடங்கினோம். இன்னும் ஒன்றரை வருடம் தள்ளியிருந்தால் மூன்று செ.மீ. கிடைத்திருக்கலாம். அந்தக் கணக்கை நான் மறக்கவில்லை. ஆனால் நாலு வயதிலேயே தெரிந்திருந்தால் பன்னிரண்டு வயதுக்குள் எட்டு வருடம் ஊசி ஓடியிருக்கும். உயரமா பருவமா என்று எடை போடும் நிலைமையே வந்திருக்காது. எனக்கு ஆறாத வருத்தம் இது ஒன்றுதான். ஆக்ஸாண்ட்ரோலோன், பதினாலு வயது, அதிக அளவு மருந்து என்று மேலே ஒப்பிட்டதெல்லாம் தாமதமாகத் தெரிந்தவர்கள் இழந்த வருடங்களை ஈடுகட்டப் பார்க்கும் வழிகள்.

சில டர்னர் பெண்களுக்கு, முக்கியமாக மொசைக் வகையில், பருவம் தானாகவே தொடங்குவதும் உண்டு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. அவர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. ஆனால் அவர்களிலும் பலருக்குச் சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பதால் பின்தொடர வேண்டும்.

தினசரி ஊசியா, வார ஊசியா?

வாரத்துக்கு ஒருமுறை போடும் வளர்ச்சி ஹார்மோன்கள் வந்துவிட்டன. முதலில் அனுமதி கிடைத்தது ஹார்மோன் உண்மையிலேயே குறைந்த பிள்ளைகளுக்கு. டர்னரில் தினசரி ஊசிக்குத்தான் வளர்ந்து முடியும்வரை பார்த்த கணக்கு இருக்கிறது. இன்று தொடங்குபவர் தினசரியிலேயே தொடங்கட்டும், டாக்டர் மாற்றச் சொன்னால் மாறலாம்.

எப்போது நிறுத்துவது?

கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கு, 14-ஐத் தொட்டால், அல்லது வருட வளர்ச்சி 2 செ.மீ.க்குக் கீழே போனால் நிறுத்தலாம் என்பது பொது வழக்கம். போன மாதம் அவளுக்கு 16 முடிந்தது. 142 செ.மீ., கடைசி வருடத்தில் வளர்ந்தது ஒன்றரை. இன்னும் ஆறு மாதம் போட்டால் அரை சென்டிமீட்டர் வரலாம். நான் தயங்கினேன். "எனக்குப் போதும்மா" என்றாள் அவள். டாக்டரும் அவள் பக்கம்.

ஊசி நின்றாலும் ஃபைல் மூடவில்லை. பிரான்ஸ் ஆய்வு சொன்ன இரண்டும், இதயமும் காதும், இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டியவை. இதய வால்வு மூன்று இதழுக்குப் பதில் இரண்டாக இருப்பதும், இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி விரிவதும் இவர்களுக்கு வரக்கூடியவை. இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே வாரம் ஒருமுறை பார்க்கிறோம். தைராய்டு வருடத்துக்கு ஒருமுறை. ஈஸ்ட்ரோஜன் ஐம்பது வயதுவாக்கு வரை தொடரும். இடது காதில் கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று போன பரிசோதனையில் சொன்னார்கள். பாட்டு வகுப்பில் சுருதிப்பெட்டிக்கு வலது பக்கமாக உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் 12-ஆம் தேதி மகாதமனிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறோம்.